மாமாவைக் கவிழ்த்த சக்கரவர்த்திகள்

ஒரு மண்டபம் நிறையச் சனம் இருந்து, நீங்கள் பேசும் பேச்சுக்கு விழுந்து விழுந்து சிரித்தால், தயவுசெய்து பேச்சை நிறுத்திவிட்டு அவர்கள் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று ஒருதரம் பாருங்கள். நான் பார்க்கவில்லை. என் பேச்சு வன்மைக்குத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன். (அந்த வயதில் எல்லாப் பொடியன்களுக்கும் இருக்கிற நோய்தான். எனக்குக் கொஞ்சம் முற்றிப்போயிருந்தது.) அந்த மயக்கத்தில், நான் கலியாணம் கட்ட ஆசைப்பட்ட பெண்ணின் அப்பாவை, அவருடைய சங்கத்தில், அவருடைய மைக்கையே பிடித்துக்கொண்டு, பதவியிலிருந்து இறக்கினேன். அதுவும் எனக்கே தெரியாமல்.

அப்போது நான் மொன்றியலில் ஒரு பல்கலைக்கழகத்தில் ரோமாபுரி வரலாறு ஆராய்ந்துகொண்டிருந்தேன். பழைய சக்கரவர்த்திகளை ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டு, யாருடைய ஆட்சியில் சாதாரண சனம் வயிறாறச் சாப்பிட்டது, யாருடைய ஆட்சியில் பயந்து செத்தது என்று பார்ப்பது என் வேலை. ரொறன்ரோவில் இருக்கிற என் அம்மாவுக்கு இதை வெளியில் சொல்ல வெட்கம். யாராவது விசாரித்தால் "மகன் மொன்றியலில படிக்கிறான்" என்று சொல்லிவிட்டு, என்ன படிக்கிறான் என்று அவர்கள் கேட்பதற்குள் தேத்தண்ணி போட எழும்பிவிடுவார்.

துஷியை நூலகத்தில் சந்தித்தேன். அவள் மருந்தாளர் படிப்புப் படித்தாள். அதாவது, சொந்தக்காரர் கேட்டால் அடுத்த கேள்வி வராத படிப்பு. கொஞ்சக் காலம் ஒளித்துப் பழகிவிட்டு, "இனி அப்பாவிட்ட வந்து கதையுங்கோ" என்றாள். நான் பரீட்சை என்று சாக்குச் சொல்லி இரண்டு கிழமை கடத்தினேன். காரணம், அவளுடைய அப்பா பரமலிங்கம்.

பரமலிங்கம் சென்ட் லோரன்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். அது சம்பளத்துக்குச் செய்த வேலை. அவருடைய உண்மையான உத்தியோகம், மொன்றியலில் இருந்த அவருடைய சொந்த ஊர்க்காரர் சங்கத்துக்குப் பிரசிடென்ட். துஷி பாலர் வகுப்புக்குப் போன காலத்திலிருந்து அவர்தான் பிரசிடென்ட். சங்கத்துச் சனம் எல்லாம் சென்ட் லோரன்டில் வாடகை வீட்டில் இருக்க, அவர் மட்டும் இல்-பிசார் தீவில் தனி வீடு வாங்கிக்கொண்டு போயிருந்தார். (ஊரில் இருந்த காலத்தில் தீவுப்பகுதி ஆட்களை நக்கலடித்தே பொழுது போக்கியவராம். கடவுள் சும்மா இருப்பாரா?)

நான் முதன்முதலில் போய் அவர்முன் உட்கார்ந்தபோது அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி என்ன படிக்கிறீர்?"

"ரோமாபுரி வரலாறு அங்கிள்."

"ரோமாபுரியோ? அவங்கள் செத்துக் கனகாலம் எல்லோ?"

"ஓம் அங்கிள்."

"அப்ப உமக்கு ஆர் சம்பளம் தரப்போறது?"

இதற்கு நான் இன்றைக்குவரை நல்ல பதில் ஒன்று கண்டுபிடிக்கவில்லை. அன்றைக்கு வாயில் வந்ததெல்லாம் உளறினேன். அவர் தீர்ப்புச் சொன்னார்.

"சரி. எங்கட சங்கத்தின்ர ஆண்டுப் பொதுக்கூட்டம் வருது. உம்மட ராசாமாரைப் பற்றி ஒரு இருபது நிமிசம் கதையும். சனம் என்ன சொல்லுது எண்டு பாப்பம். பேந்து மற்ற விசயம் கதைக்கலாம்."

மற்ற மாப்பிள்ளைகளை ஒரு குடும்பம் பார்க்கும். என்னைப் பார்க்க ஓர் ஊரையே கூட்டினார். பேச்சு நன்றாக அமைந்தால் துஷி. அமையாவிட்டால் ரொறன்ரோவுக்குத் திரும்பிப் போக பஸ்.

அவர் என்னைக் கூப்பிட்டதற்கு வேறொரு காரணமும் இருந்தது. அது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பொதுக்கூட்டத்தில்தான் புதுக் கொமிற்றி தெரிவு நடக்கும். தெரிவு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. செயலாளர் எழும்பி "வழமைபோல" என்று தொடங்குவார், ஒருவர் முன்மொழிவார், ஒருவர் வழிமொழிவார், எல்லாரும் கைதட்டுவார்கள், முடிந்தது. அது பிசகாமல் நடக்க பரமலிங்கம் ஒரு வழி வைத்திருந்தார். சாப்பாடு தெரிவுக்குப் பிறகுதான். பின்னால் மேசையில் ஆட்டுக்கறி தகட்டுத்தாளுக்குள் மணத்துக்கொண்டிருக்கும். பசித்த சனம் சுறுக்காகக் கைதட்டும். தெரிவுக்கு முன்னால் யாராவது நீளமாகப் பேசினால் பசி இன்னும் நன்றாக ஏறும் எல்லோ? அந்தப் பசி ஏற்றும் வேலைக்குத்தான் எனக்கு அழைப்பு.

பேச்சை நான் இரவுபகலாகத் தயாரித்தேன். ரோமாபுரியின் நீர்க்கால்வாய்கள், வீதிகள், சட்டங்கள், நிலவரி. கேட்டவன் எழும்பி ஓடாவிட்டால் ஆச்சரியம். கூட்டத்துக்கு முந்திய சனிக்கிழமை, துஷி வீட்டுக் குசினியில் இருந்து அவளுக்கும் அவளுடைய அம்மாவுக்கும் அதை வாசித்துக் காட்டினேன். பேஸ்மென்டில் பரமலிங்கத்தின் கொமிற்றிக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. கொமிற்றி எப்போதும் அந்த வீட்டில்தான் கூடும். தீவுக்குப் பஸ் வருவது அருமை. ஆகவே கார் இல்லாதவன் கொமிற்றிக்கு வரமாட்டான், வராதவன் எதிர்த்துக் கதைக்கவும் மாட்டான்.

துஷியின் அம்மா பவளம் அன்ரி, மேசையில் இருந்து, பொரிப்பதற்கு இறைச்சி ரோல்ஸ் சுற்றிக்கொண்டிருந்தார். அடுத்தநாள் கூட்டத்துக்கு. சங்கத்தின் எந்த விழாவென்றாலும் ரோல்ஸ் சுற்றுவது அவர்தான். இடைக்கிடை கீழேயிருந்து "பவளம், தேத்தண்ணி!" என்று ஒரு குரல் வரும். அவர் கையை முன்றானையில் துடைத்துவிட்டுப் போய்க் கொடுத்துவிட்டு வந்து, மறுபடி சுற்றுவார்.

நான் நீர்க்கால்வாய் வரைக்கும் வந்தபோது துஷி கொட்டாவி விட்டாள். அன்ரி மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தம்பி, நல்லாத்தான் இருக்கு. ஆனா வாய்க்கால் கதையை ஆர் கேக்கிறது? சனம் நித்திரையாப் போயிடும்."

"அப்ப என்னத்தை அன்ரி சொல்லலாம்?"

"முந்தி ஒருநாள் துஷிக்குச் சொன்னனீங்களாம், ஒருத்தர் தீவில போயிருந்து ஆண்டவர் எண்டு. அவரை முதலாவதாப் போடுங்கோ. பேந்து, கதவைப் பூட்டிப்போட்டுப் பாட்டுப் பாடின ராசா. அது நல்ல பகிடி. அவரை விட்டிடாதேங்கோ."

"நீரோவா அன்ரி?"

"பேர் எனக்கெங்க தெரியும்? பாட்டுக்காரர்."

குதிரைக்குப் பதவி கொடுக்கப் பார்த்தவரைப் போடலாமா என்று கேட்டேன். "ஐயோ, கட்டாயம்" என்றார். வரி போட்டவரைச் சொன்னேன். "அதையும்" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இத்தனை பேராசிரியர்களுக்கு விளங்காத என் ஆராய்ச்சியின் அருமை, இந்த அன்ரிக்கு விளங்கிவிட்டதே! நீர்க்கால்வாயையும் நிலவரியையும் அந்த இடத்திலேயே வெட்டி எறிந்தேன்.

கடைசியில் அவர் ஒரு ரோல்ஸை முட்டையில் தோய்த்துக்கொண்டே கேட்டார்.

"அந்த ராசாமாரின்ர மனுசிமார் என்ன செய்தவை தம்பி?"

இந்தக் கேள்வியை என்னிடம் அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. நான் உற்சாகமாக கிளாடியஸ் கதையைச் சொன்னேன். கிளாடியஸ் சக்கரவர்த்திக்குக் காளான் என்றால் உயிர், அவருடைய மனைவி நஞ்சு கலந்த காளானை ஊட்டி அவரை அனுப்பிவைத்தார் என்று பழைய ஆட்கள் எழுதி வைத்திருக்கிறார்கள், இதைப் பேச்சின் முடிவில் சொன்னால் சனம் அசந்துபோகும் என்றேன்.

"ம்" என்றார் அன்ரி. பிறகு, "அந்தக் கதை வேண்டாம். அதை விடுங்கோ."

"ஏன் அன்ரி?"

"சாப்பாட்டு நேரமெல்லோ."

என்ன நாகரிகமான பெண்மணி என்று நினைத்துக்கொண்டேன். (என்னைப்போல விசரனை நீங்கள் எங்காவது கண்டிருக்கிறீர்களா?)

கூட்டம் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில். வெளியில் முழங்கால் அளவு பனி. வாசலில் கொமிற்றிக்காரர் புது ஏற்பாடு ஒன்று செய்திருந்தார்கள். குளிர்கோட்டைக் கழற்றி மாட்டுவதற்குக் காசு. காசைக் கட்டினால் ஓர் இலக்கத் துண்டு தருவார்கள். வருகிற ஒவ்வொருவரும் அதைப் பார்த்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டு காசைக் கட்டினார்கள். அந்தக் குளிரில் கோட்டுப் போடாமல் வரவும் முடியாதே. நானும் கட்டினேன். ஒரு சந்தேகமும் எனக்கு வரவில்லை.

பரமலிங்கம் மேடையில் ஏறி என்னை அறிமுகம் செய்தார். "எனக்கு மிக வேண்டப்பட்ட பொடியன்" என்றார். எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. முன்வரிசையில் கொமிற்றி, பவளம் அன்ரி. மூன்றாம் வரிசையில் துஷி. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, சனத்தின் நன்மை தீமையை வைத்துச் சக்கரவர்த்திகளை எடைபோடப்போகிறேன் என்று தொடங்கினேன்.

"முதலில் டைபீரியஸ். இவர் ரோமாபுரியை ஆண்டார். ஆனால் ரோமாபுரிப் பக்கமே வருவதில்லை. தூரத்தில் ஒரு தீவில் பெரிய வீட்டில் இருந்துகொண்டு, அங்கிருந்து உத்தரவு அனுப்புவார். ஏதாவது அலுவல் என்றால் சனம்தான் தீவுக்குப் போகவேண்டும்."

மண்டபத்தில் ஒரு சின்ன அசைவு. நடு வரிசையில் இருந்த ஓர் அம்மா எழும்பினார்.

"தம்பி, அங்க போக பஸ்ஸும் இல்லை எல்லோ?"

கேள்வி கேட்கிற சபை கிடைப்பது ஆராய்ச்சி மாணவனுக்குப் பெரும் பாக்கியம். நான் மிகப் பொறுப்பாகப் பதில் சொன்னேன்.

"இல்லை அம்மா. அந்தக் காலத்தில் பஸ் இல்லை."

மண்டபம் இடிந்து விழுகிற மாதிரிச் சிரிப்பு. என் வாழ்க்கையில் அப்படியொரு சிரிப்பை நான் வாங்கியதில்லை. எனக்குள் ஏதோ ஒன்று கட்டறுத்துக்கொண்டது. மைக்கைத் தண்டிலிருந்து கழற்றிக் கையில் எடுத்தேன். நடந்து நடந்து பேசத் தொடங்கினேன்.

"அடுத்தவர் கலிகுலா. இவருக்குத் தன் குதிரையில் அவ்வளவு நம்பிக்கை. அதற்கு ஒரு பெரிய பதவி கொடுக்கப் பார்த்தாராம். குதிரையால் ஒரு நன்மை உண்டு. அது எதிர்த்துக் கதைக்காது. தலையை மட்டும் ஆட்டும்."

சனம் முழுக்க ஒரே பக்கம் திரும்பியது. அந்தப் பக்கத்தில் பொருளாளர் இருந்தார். பரமலிங்கத்தின் ஒன்றுவிட்ட மச்சான். நெட்டை மனிதர், நீண்ட முகம், பத்துக் கூட்டத்துக்கு ஒரு வார்த்தை பேசுவார். பாவம், அந்த நேரம் பார்த்து வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தார். சனம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தது. பரமலிங்கமும் சிரித்தார். டைபீரியஸுக்கும் அவர் சிரித்துத்தான் இருந்தார். தன்னையென்று எந்த மனிதனுக்குத் தோன்றும்?

இந்த இடத்தில்தான் துஷி எனக்குச் சைகை காட்டத் தொடங்கினாள். விரலைக் கழுத்தில் வைத்து இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் இழுத்தாள். கழுத்தில் புதுச் சங்கிலி போட்டிருக்கிறாள், அதைக் காட்டுகிறாள் என்று நினைத்து, நன்றாக இருக்கிறது என்று தலையை ஆட்டினேன். பிறகு இரண்டு கையையும் கீழே அமத்திக் காட்டினாள். குரல் பின்வரிசைக்குக் கேட்கவில்லைப்போல என்று விளங்கிக்கொண்டு இன்னும் உரத்துப் பேசினேன்.

"வெஸ்பாசியன்! இவர் காலத்தில் மூத்திரத்துக்கும் வரி. மனிதன் தவிர்க்கமுடியாத ஒன்றைப் பார்த்துத்தான் வரி போடுவது. விடவும் முடியாது, வரி கட்டாமல் இருக்கவும் முடியாது!"

சனம் சிரிக்கவில்லை. ஒருவர் எழும்பித் தன் கோட்டு இலக்கத் துண்டை உயர்த்திப் பிடித்தார். பக்கத்தில் இருந்தவரும் பிடித்தார். பார்த்துக்கொண்டிருக்க மண்டபம் முழுக்கத் துண்டுகள் எழும்பின. இது மொன்றியல் சனத்தின் பாராட்டு முறையாக்கும் என்று நினைத்தேன். கையெடுத்துக் கும்பிட்டேன்.

பிறகு நீரோ. கடவுளே, நீரோ.

"நீரோவுக்குத் தான் பெரிய பாடகன் என்று ஒரு நினைப்பு. அவர் மேடையில் பாடும்போது வாசல் கதவுகளைப் பூட்டிவிடுவார்கள். யாரும் வெளியே போக முடியாது. சிலர் சுவரேறிக் குதித்தார்களாம். சிலர் செத்தவன்போல நடித்து, பாடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னார்களாம்!"

பரமலிங்கம் ஒவ்வொரு விழாவிலும் சாப்பாட்டுக்கு முன் பழைய சினிமாப் பாட்டு இரண்டு பாடுவார், இரண்டென்று தொடங்கி ஆறில் நிற்கும், சனம் கோட்டை எடுத்துக்கொண்டு ஓடாமல் இருக்க வாசலில் கொமிற்றி ஆள் ஒருவரை நிறுத்திவைப்பார் என்பதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? ரொறன்ரோக்காரனுக்கு யார் சொன்னது? பின்வரிசையில் இருந்த ஒரு முதியவர், போன வருட விழாவில் ஐந்தாவது பாட்டில் சீனி வியாதி என்று சொல்லி மயங்கிவிழுந்து தப்பியவராம். அவர் இப்போது எழும்பி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணைச் செருகி, பக்கத்தில் இருந்தவரின் மடியில் சரிந்து விழுந்தார்.

"அப்படித்தான் ஐயா! அச்சொட்டாக அப்படித்தான்!" என்று நான் மேடையிலிருந்து கத்தினேன்.

இனிச் சொல்ல வேண்டுமா? சனம் காலால் நிலத்தில் அடித்தது. ஆண்கள் கதிரையின் முதுகில் தட்டினார்கள். அந்த இரைச்சலுக்கு நடுவில் பரமலிங்கத்தின் சிரிப்பு மட்டும் நின்றுவிட்டது. நீரோ வாயைத் திறக்க, அவர் வாய் மூடியது.

நான் அகஸ்டஸோடு முடித்தேன். "சனத்துக்கு நேரத்துக்குத் தானியம் கொடுத்தவர் நிம்மதியாக நெடுங்காலம் ஆண்டார். பேரரசின் பலம் படையில் இல்லை, சனத்தின் வயிற்றில்!" பின்னாலிருந்து ஆட்டுக்கறி மணம் வந்தது. பசியில் கிடந்த சனம் எழும்பி நின்று தட்டிய தட்டு இன்னும் என் காதில் கேட்கிறது. நான் பரமலிங்கம் பக்கம் திரும்பி, அவரை அகஸ்டஸோடு ஒப்பிடுகிற பாவனையில், குனிந்து வணங்கினேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை ஆழ்ந்த யோசனை என்று எடுத்துக்கொண்டேன்.

செயலாளர் அவசரமாக எழும்பினார். "வழமைபோல, நடப்புப் பிரசிடென்ட் பரமலிங்கம் அவர்களை மீண்டும்..."

"நான் குணரத்தினத்தை முன்மொழியிறன்!" என்றது ஒரு குரல்.

குணரத்தினம் கொமிற்றியில்கூட இல்லாத ஒரு சாதாரண அங்கத்தவர். அந்தச் சங்கத்தில் அப்படியொரு வசனத்தை அதுவரை யாரும் கேட்டதில்லை. செயலாளர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்னால் சாப்பாட்டு மேசைப் பக்கமிருந்து "வழிமொழியிறன்!" என்று இன்னொரு குரல். பிறகு கைகள். அங்கொன்று இங்கொன்றாகத் தொடங்கி மண்டபம் முழுக்கக் கைகள். முன்வரிசையில் பவளம் அன்ரியும் ஒரு கையைத் தலைப்பக்கம் கொண்டுபோனார். கொண்டைப் பூவைச் சரிசெய்கிறார் என்று நினைத்தேன். எண்ணி முடிந்து, குணரத்தினம்தான் புதுப் பிரசிடென்ட் என்று அறிவிக்கும் வரைக்கும் சரிசெய்துகொண்டே இருந்தார்.

சாப்பாட்டு வரிசையில்தான் எனக்குக் கண் திறந்தது. ஆள் மாறி ஆள் வந்து முதுகில் தட்டினார்கள்.

"தம்பி, என்ன துணிவப்பா உமக்கு! பொம்பிளை கேக்கப் போற வீட்டு மனுசனை முன்னால இருத்திவைச்சு!"

"என்ன துணிவு அண்ணை?"

"உந்த அப்பாவி முகத்தை இனியும் வைச்சிருக்க வேண்டாம். குதிரையெண்டு பொருளாளரைச் சொன்னது ஒண்டு காணும். சாடையாச் சொல்லுறதெண்டால் இப்பிடியெல்லோ சொல்ல வேணும்!"

கையில் இருந்த ரோல்ஸ் நழுவி விழுந்துவிட்டது. நம்முடைய சனம் மேடையில் யாரையும் நேரே திட்டாது. இராசாவைப் பற்றி, மரத்தைப் பற்றி, மழையைப் பற்றிப் பேசுகிற மாதிரி ஆளைக் குத்தும். கேட்கிறவர்களும் எந்தப் பேச்சைக் கேட்டாலும் இது யாருக்கு என்றுதான் தேடுவார்கள். இதெல்லாம் தெரிந்தே பிறந்தவன் நான். என் பேச்சை மட்டும் சனம் வரலாறாகக் கேட்கும் என்று எந்த மண்டைக்கனத்தில் நினைத்தேனோ தெரியவில்லை.

வெளியே ஓடினேன். கோட்டைக்கூட எடுக்கவில்லை. பரமலிங்கம் கார்க் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். சுரண்டிய வேகத்தில் கண்ணாடியே பெயர்ந்துவிடும்போல இருந்தது.

"அங்கிள், சத்தியமா..."

"நான் நீரோவோ?"

"ஐயோ அங்கிள், நான் ரோமாபுரி நீரோவைத்தான்..."

"உம்மட ரோமாபுரிக்காரர் செத்துக் கனகாலம். நான் உயிரோட நிக்கிறன். இனி என்ர வீட்டுப் படியேறாதையும்."

பவளம் அன்ரி முன்கதவைத் திறந்து ஏறி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தார். துஷி என்னைப் பார்க்காமலே பின்னால் ஏறினாள். கார் போய்விட்டது. நான் கோட்டில்லாமல் அந்தக் குளிரில் நின்று அழுதேன். பகிடிக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே அழுதேன். ஒரு குதிரைக் கதைக்காக என் வாழ்க்கையை நானே கொளுத்திப்போட்டேனே என்று இருந்தது.

துஷி இரண்டு கிழமை கழித்துத்தான் போன் எடுத்தாள். எடுத்ததும் திட்டு.

"கழுத்தை வெட்டிறமாதிரிக் காட்டினனான் எல்லோ? நிப்பாட்டச் சொன்னால் குரலை உயத்துறியள்! என்ர வாழ்க்கையை அந்தப் பாட்டுக்காரனுக்குக் குடுத்திட்டியள்!"

பனி கரைந்து, மரங்கள் துளிர்க்கும்வரை அந்த வீட்டுப் படியை நான் மிதிக்கவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெரியாத இலக்கத்திலிருந்து போன் வந்தது.

"அந்த நீரோ சனத்துக்கு மண்டபம் ஒண்டும் எடுத்துக் குடுக்கேல்லையே?"

பரமலிங்கம். நான் எழும்பி நின்றுவிட்டேன்.

"அங்கிள்... அவர் கொஞ்சக் கட்டடம் கட்டினவர்தான். தனக்கு ஒரு பெரிய மாளிகையும்."

"நான் மாளிகை கட்டேல்ல. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பரிசு குடுத்தனான். அப்ப நான் நீரோ இல்லை. வந்து கதையும். இது போனில முடியாது."

பதவி போனபிறகு மனிதர் ஞாயிற்றுக்கிழமைகளை என்ன செய்வதென்று தெரியாமல் நூலகத்துக்குப் போய் ரோமாபுரிப் புத்தகங்களை அள்ளிவந்திருந்தார். அந்தக் கோடை முழுக்க நான் பஸ் மாறி மாறி அந்தத் தீவுக்குப் போனேன். குசினி மேசையில் இருந்து அவர் எந்தச் சக்கரவர்த்தி என்று வாதம். தான் அகஸ்டஸ்தான் என்பது அவருடைய கட்சி. எனக்குத் துஷி வேண்டும், ஆகவே நானும் அதே கட்சி. ஆனால் மனிதர் கெட்டிக்காரர். "சும்மா தலையாட்டாதையும். நீரென்ன கலிகுலாவின்ர குதிரையோ? ஆதாரம் காட்டும்" என்பார். ஆதாரம் காட்டினால் அகஸ்டஸ் வழுக்கி டைபீரியஸ் பக்கம் போய்விடுவார். கடைசியில் அவரே டயோக்ளீசியனைக் கண்டுபிடித்தார். ஆட்சியை விட்டுவிட்டுக் கடலோரம் போயிருந்து முட்டைக்கோவா நட்ட சக்கரவர்த்தி.

"இவர்தான் நான்" என்று பின்வளவில் தான் போட்டிருந்த கத்தரிக் கன்றுகளைக் காட்டினார்.

"ஆனா அங்கிள், அவர் தானாக விலகினவர்..."

"நானும் தானாத்தான் விலகினனான். கையைத் தூக்கினது சனம். எழும்பிப் போனது நானெல்லோ?"

வரலாற்று ஆசிரியனுக்கு ஒரு நேர்மை வேண்டும். நான் துஷியைப் பார்த்தேன். "ஓம் அங்கிள்" என்றேன்.

"சரி. பிள்ளையைத் தாறன். ஆனா கலியாண வீட்டில உமக்கு மைக் இல்லை."

இல்லைத்தான். லவாலில் நடந்த எங்கள் கலியாணத்தில், வந்தவர்களுக்கு நன்றி சொல்லலாமென்று நான் மைக் பக்கம் ஓரடி வைத்ததும், மாமா ஒருபக்கமும் பொருளாளர் மச்சான் மறுபக்கமும் வந்து என்னை அணைத்துக்கொண்டார்கள். வீடியோவில் அது பாசமாகத் தெரிகிறது. இன்றைக்கும் பிறந்தநாளோ, பிள்ளை பெரியவளான சாமத்திய வீடோ, நான் கதிரையிலிருந்து எழும்பினால் யாராவது "மைக்கை எடுங்கோ" என்று கத்துவார்கள். அண்மையில் என் மகள் பள்ளிக்கூடத்தில் ரோமாபுரி படித்துவிட்டு வந்து, "அம்மப்பா, நீங்களா நீரோ?" என்று பிரெஞ்சில் கேட்டாள். "உன்ர அப்பரைக் கேள். மைக் இல்லாத இடத்தில வைச்சுக் கேள்" என்றார் மாமா.

சங்கத்துக்கு என் பேச்சால் விடிவு வந்ததா என்று கேட்பீர்கள். குணரத்தினம் அண்ணை முதல் வருடம் நேரத்துக்குச் சாப்பாடு போட்டார், கோட்டுக் காசையும் எடுத்துவிட்டார். அடுத்த வருடம் கொமிற்றிக் கூட்டத்தை லவாலில் தான் புதிதாக வாங்கிய வீட்டுக்கு மாற்றினார். இப்போது கவிதை எழுதுகிறார். சாப்பாட்டுக்கு முன் வாசிக்கிறார். (ரோமாபுரிக்காரருக்கு ஒருவர் கெட்டுப்போகப் பல வருடம் எடுத்தது. நம்முடைய ஆட்கள் சுறுசுறுப்பானவர்கள்.)

உண்மையில் அந்தக் கூட்டத்தில் நடந்தது என்ன என்பது எனக்குக் கலியாணத்துக்குப் பிறகுதான் தெரியவந்தது. ஒரு ஞாயிறு, மாமா பின்வளவில் கத்தரிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்க, நானும் மாமியும் குசினியில் பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தோம். "மாமி, அண்டைக்கு நீரோவை விட்டிருந்தால் நான் தப்பியிருப்பன்" என்று சும்மா சொன்னேன்.

"விட்டிருந்தால் அவர் இப்பவும் பிரசிடென்ட்" என்றார் மாமி.

நான் பயற்றங்காயைக் கீழே வைத்தேன்.

"பின்ன என்ன தம்பி, நான் சும்மாவே அந்தக் கதையளைப் போடச் சொன்னனான்? கலியாணம் கட்டி வந்த நாளில இருந்து, ஞாயிற்றுக்கிழமை எண்டால் அவருக்குச் சங்கம், எனக்கு ரோல்ஸ். நேர சொன்னன், கேக்கேல்ல. அழுது பாத்தன், 'கூட்டத்துக்கு நேரமாச்சு' எண்டார். இந்த மனுசன் பகலில என்ன நிறம் எண்டே எனக்கு மறந்துபோச்சு. அப்பதான் நீங்கள் உந்த ராசாமாரைக் கூட்டிக்கொண்டு வந்தீங்கள்."

"அப்ப அந்தக் கொண்டைப் பூ?"

"பூவோ? நான் அண்டைக்குப் பூவே வைக்கேல்ல."

எந்தச் சக்கரவர்த்தியின் ஆட்சியில் எந்தக் குடிசனம் கஷ்டப்பட்டது என்று நான் வருடக்கணக்காகப் புத்தகத்தில் தேடிக்கொண்டிருந்தேன். அந்தக் குடிசனம் எனக்கு முன்னால் இருந்து ரோல்ஸ் சுற்றியிருக்கிறது. அதனிடமே நீர்க்கால்வாய் கதை சொல்லியிருக்கிறேன்.

"மாமி, அதில எங்கட கலியாணம் குழம்பியிருந்தால்?"

"குழம்பாது. சங்கம் போனால் அவருக்கு வாதாட ஒரு ஆள் வேணும். உங்களை விட்டால் ஆர் இருக்கினம்?"

"அது பிழைச்சிருந்தால்?"

மாமி அடுத்த பயற்றங்காயை எடுத்து முறித்தார். "வேற நல்ல பொடியனாப் பாத்திருப்பன்" என்றார்.

இதை மாமாவுக்கு நான் இன்றுவரை சொல்லவில்லை. அவரைக் கவிழ்த்தது நான்தான் என்று அவருடைய வரலாற்றில் எழுதியாகிவிட்டது. கிளாடியஸின் காளான் கதையையும் அவர் படித்துவிட்டார். ஆகவே அந்த வீட்டில் காளான் கறி மேசைக்கு வரும்போதெல்லாம் மாமா கையை மடக்கிக்கொண்டு சாய்ந்து இருப்பார்.

"முதல்ல மருமகன் சாப்பிடட்டும். ஒருக்காக் கவிட்டவர் எல்லோ?"

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டு ஒரு துண்டை வாயில் போடுவேன். நான் மென்று விழுங்கும்வரை மாமா என் முகத்தையே கவனமாகப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்தக் காளானை வாங்கி, வெட்டி, வதக்கிக் கொண்டுவந்து வைத்த மாமி, அவருக்குப் பின்னால் நின்று அவருடைய தட்டில் சோறு போடுவார்.